செய்யவிருக்கும் பணிக்கு ஒரு பாயிரம்

நூலொன்றை இயற்றி முடித்தபின் அதன் முகப்பிற் பாயிரம் அமைத்தல் நம் முன்னோர் மரபு. இந்நாளிற் கணினி நிரல் இயற்றும் மாணவரோ பணியைத் தொடங்குமுன்னரே அதற்குப் பாயிரம் எழுதவேண்டியவராய் இருக்கின்றனர். அதனை விண்ணப்பம் என்று அழைக்கின்றனர். அது நன்கு அமையின் பணி கைகூடும். அமையாவிடின் பணி தொடங்காமலே போம். திறந்த மூல உத்தி விளையாட்டு ஒன்றிற்கு ஒரு மாணவர் இத்தகைய விண்ணப்பத்தை எங்ஙனம் வகுத்தல் வேண்டும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று நம் கல்லூரி அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை கட்டுரையின் பிற்பகுதியில் வரும். அது எமக்குப் பெருமை தருவதன்று என்பதை மட்டும் ஈண்டுக் கூறி அமைகின்றோம்.

திறந்த மூலமும் மாணவரும்

மென்பொருள் ஒன்றன் மூலநிரலை எவரும் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமை அளிக்கப்பட்டிருப்பின் அதனைத் திறந்த மூல மென்பொருள் என்பர். இம்முறையில் எழுந்த உத்தி விளையாட்டுக்களில் மாணவர்க்குப் பெரும்பங்கு உண்டு. டென்மார்க்கு நாட்டின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்ற மூவர் 1995-ஆம் ஆண்டு நவம்பரில் 'ஃப்ரீசிவ்' என்னும் விளையாட்டைத் தொடங்கினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதனை வெளியிட்டனர். அவர் எவர்க்கும் விண்ணப்பம் எழுதவில்லை. தாமே தொடங்கிய வீட்டிற்குத் தாமே உரியராயிருந்தமையின் அவர்க்கு அது வேண்டப்படவில்லை.

பிறர் கட்டிய வீட்டினுள் ஓர் அறை கட்டப் புகுவார்க்கே விண்ணப்பம் வேண்டப்படும். அத்தகைய வீடுகளுள் ஒன்று 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்பது. டேவிட் ஒயிட் என்பார் 2003-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். இது ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றது. அறுகோணக் கட்டங்களாலாகிய நிலப்படத்தின்மீது இரு திறத்தாரும் மாறிமாறித் தத்தம் படைஞரை நகர்த்தி ஆடுவர். காடு, மலை, ஊர், நீர்நிலை என நிலம் வேறுபடுந்தோறும் படைஞர் அடிபடும் வாய்ப்பும் வேறுபடும். பொழுதும் போரின் போக்கை மாற்றும். ஆறு முறைகள் கழிந்தால் ஒருநாள் கழிந்ததாகக் கொள்வர். சில படைஞர்க்குப் பகலில் வலிமை நூற்றுக்கு இருபத்தைந்து கூடும். இரவில் அவ்வளவே குறையும். வேறு சிலர்க்கு இது தலைகீழாய் அமையும். ஆகவே எங்கு நிற்பது, எப்பொழுது தாக்குவது என்று முன்கூட்டி எண்ணுதலே இவ்விளையாட்டின் உயிர்நாடி.

கூகிள் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் 'சம்மர் ஆவ் கோட்' என்னும் கோடைக்கால நிரற்பணித் திட்டத்தைத் தொடங்கிற்று. திறந்த மூலக் குழுக்களுக்கு இளைஞர் பணியாற்ற, குழுவினர் வழிகாட்ட, நிறுவனம் உதவித்தொகை வழங்கும். முதல் ஆண்டில் 200 இடங்களுக்கென அறிவிக்கப்பட்ட இத்திட்டத்திற்கு 8,700-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. இடங்கள் 400-க்கு மேல் உயர்த்தப்பட்டன. 2022-ஆம் ஆண்டு முதல், மாணவரல்லாதாரும் பதினெட்டு வயது நிரம்பித் திறந்த மூலத்திற்குப் புதியராயின் இதிற் சேரலாம். வெஸ்நாத் குழுவினர் 2008, 2009, 2010 முதலிய ஆண்டுகளில் இத்திட்டத்திற் பங்குகொண்டனர். அவர்தம் பட்டறிவு இன்றும் விண்ணப்பம் எழுதுவார்க்கு நல்ல பாடமாகும்.

பாயிரத்தின் உறுப்புக்கள்

பவணந்தியார் நன்னூலிற் சிறப்புப்பாயிரத்திற்கு எட்டு உறுப்புக்களைக் கூறுவர். அவற்றொடு காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். ஆக்கியோன் யாவன், எந்நூலின் வழிவந்தது, எல்லை யாது, பெயர் யாது, எவ்வகையால் யாக்கப்பட்டது, பொருள் யாது, கேட்போர் யாவர், பயன் யாது என்னும் வினாக்களுக்கு விடையாய் அமைவனவே அவ்வெட்டும். வெஸ்நாத் குழுவினர் தம் மாணவர்க்கு விடுத்த வினாநிரலை நோக்கிய யாம் வியப்புற்றோம். அவர் நன்னூலைக் கண்டவரல்லர். ஆயினும் ஒருவன் செய்யும் பணியை முன்பின் அறியாதார்க்கு அறிவித்தற்கு வேண்டும் வினாக்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றேயாம் போலும். இவ்வுறுப்புக்களுள் விண்ணப்பத்திற்கு இன்றியமையாதவற்றை மட்டும் இனி விரித்துரைப்போம்.

களம்

களம் என்பது நூல் அரங்கேறும் அவை. விண்ணப்பதாரர் முதலில் அறியவேண்டுவதும் இதுவே. வெஸ்நாத் குழுவினர் தம் வினாநிரலில் நிரற்பயிற்சியைப் பற்றி மட்டும் கேட்டிலர். இவ்விளையாட்டை ஆடியதுண்டா, தனித்து ஆடுவீரா பிறரோடு ஆடுவீரா, பிறர் கூறும் அறிவுரையை நன்முறையில் ஏற்பீரா, பயனுள்ள குறைகூறலையும் பயனற்றதையும் பிரித்தறிவீரா, பணிக்காலத்தின் இடையே பயணம் உண்டா, திட்டம் முடிந்தபின்னும் எம்மோடு தங்கியிருக்க உம்மைத் தூண்டுவது யாது என்றெல்லாம் வினவினர். விண்ணப்பத்திற்கு முன்னரே குழுவினரோடு உரையாடிச் சிறு திருத்தம் ஒன்றையேனும் செய்து காட்டவேண்டும் என்றும் எதிர்பார்த்தனர்.

இவ்வினாக்களின் கருத்து யாது? மாணவர் எழுதும் நிரல் மூன்று திங்களில் முடியும். அதனைப் பேணும் வேலை குழுவினர்க்குப் பல்லாண்டு தொடரும். எழுதியவர் சென்றுவிடின் அவர் விட்ட வழுக்களைக் களைவோர் ஊதியமின்றி மாலைப்பொழுதில் உழைக்கும் தொண்டர்களே. ஆகலின் விண்ணப்பத்தைப் படிப்பவர் உள்ளத்தில் எழும் முதல் வினா, 'இவர் சென்றபின் இதனை யார் காப்பார்?' என்பது. இவ்வினாவை மறந்து எழுதப்படும் விண்ணப்பம் எத்துணை அழகியதாயினும் படிப்பவர் நெஞ்சிற் பதியாது.

ஆதலின் மாணவர் செய்யத்தக்கது யாதெனின்: முதலில் விளையாட்டைப் பலமுறை ஆடுக. பின்னர் மூலநிரலைப் பெற்றுத் தம் கணினியில் தொகுத்து இயக்கிப் பார்க்க. இவ்வொரு செயலே சிலர்க்கு ஒருவாரத்தை விழுங்கும். அவ்வாரம் விண்ணப்பத்திற்கு முன் கழிதல் நன்று, பின் கழிதல் தீது. அதன்பின் பதிவாகியுள்ள வழுக்களுள் மிகச் சிறியதொன்றைத் தேர்ந்து திருத்தி அனுப்புக. அத்திருத்தம் எங்ஙனம் திருப்பி அனுப்பப்படுகின்றது, என்ன குறைகள் கூறப்படுகின்றன என்பதிலிருந்து அவ்வவையின் இயல்பு முழுவதும் புலனாகும்.

வழியும் பொருளும்

முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல் மூவகைப்படும். திறந்த மூலத்தில் மாணவர் செய்யும் பணி பெரும்பாலும் வழிநூலே. முன்னோர் முடிபை ஒப்பிப் பின்னோன் வேண்டும் வேறுபாட்டைச் செய்தலே அதன் இலக்கணம். ஆகவே, 'யாம் இதனைப் புதிதாய்ச் செய்வோம்' என்பதற்கு முன், 'இதுகாறும் இஃது இவ்வாறு உளது. இக்காரணத்தால் இவ்வாறு அமைந்தது' எனக் கூறுதல் வேண்டும். அதனைக் கூறாதார் மூலநிரலைப் படித்திலர் என்பது வெளிப்படை.

எடுத்துக்காட்டாக வெஸ்நாத்தில் மாணவர் பணியால் விளைந்த இரண்டனைக் காண்போம். ஒன்று, கணினி எதிராளியின் அறிவமைப்பை ஒழுங்குபடுத்திய 2009-ஆம் ஆண்டுப் பணி. படை சேர்த்தல், தாக்குதல், ஊர்களைக் கைப்பற்றல், காயமுற்றோரைக் குணப்படுத்தல், பின்வாங்கல் முதலியன தனித்தனிச் செயல்களாய்ப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு செயலும் அந்நிலையில் தன் மதிப்பெண்ணைத் தானே கூறும். மதிப்பெண் மிக்க செயல் நிகழ்த்தப்படும். நிகழ்ந்தபின் மீண்டும் அனைத்தும் மதிப்பிடப்படும். இவ்வாறு பகுத்தமையின், பின்வருவோர் முழுவதையும் அறியாமலே ஒரு செயலை மட்டும் மாற்றவோ புதிதாய்ச் சேர்க்கவோ இயன்றது. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த 1.8 பதிப்பில் இவ்வமைப்பு இடம்பெற்றது.

மற்றொன்று, 2010-ஆம் ஆண்டிற் தொடங்கிய 'வெண்பலகை' என்னும் திட்டமிடு கருவி. ஆடுவோர் தம் படைஞரை உண்மையில் நகர்த்தாமல், 'இவன் இங்குச் செல்வான், அதன்பின் அவன் அங்குச் செல்வான்' என்று முன்கூட்டிக் குறித்து வைக்கலாம். குறிப்புக்கள் அம்புக்குறிகளாலும் மங்கிய உருவங்களாலும் தோன்றும். வேண்டும்போது அவற்றை நிறைவேற்றலாம், வேண்டாவெனின் நீக்கலாம். பலர் கூடி ஆடும்போது தோழரும் அக்குறிப்புக்களைக் காண்பர். 2012-ஆம் ஆண்டு வெளிவந்த 1.10 பதிப்பில் இஃது ஆடுவோர்க்குக் கிடைத்தது. திட்டமிடும் கருவி ஒன்றைச் செய்தற்கே திட்டம் எழுதவேண்டியிருந்த இப்பணி, விண்ணப்பம் வரைவார்க்கு இருமடங்கு பாடமாகும்.

யாப்பு

யாப்பு என்பது ஈண்டுப் பணியின் கட்டமைப்பு. இப்பகுதியில் எவ்வளவு நுட்பம் எழுத இயலுமோ அவ்வளவும் எழுதுக என்றே வெஸ்நாத் குழுவினரும் வேண்டினர். நுட்பம் என்பது கலைச்சொற்களை அடுக்குதலன்று. பணியிற் கடினமான முடிச்சு எங்கே உள்ளது என்று சுட்டுதலாம்.

வெண்பலகையையே பயிற்சிக்காகப் பகுத்துப் பார்ப்போம். ஒரு படைஞன் செல்லவேண்டிய கட்டத்தில் மற்றொருவன் நிற்கின்றான். அவ்விருவர்க்கும் இடப்பெயர்ச்சி குறிக்கப்பட்டுள்ளது. முதல்வன் விலகுவான் என்று கொண்டாலன்றி இரண்டாமவனுக்கு வழி கணிக்க இயலாது. ஆகவே நிரலானது முன்குறிப்புக்கள் நிறைவேறியதாகக் கற்பித்த வருங்கால நிலப்படம் ஒன்றைத் தற்காலிகமாய் அமைத்து, அதன்மீது கணக்கிட வேண்டும். அதேநேரத்தில் உண்மை நிலப்படம் ஓரணுவும் அசைதல் கூடாது. பலர் ஆடும் விளையாட்டில் எல்லாருடைய கணினியும் ஒரே நிலையைக் கணித்துக்கொண்டிருத்தல் வேண்டும். ஒருவர் கணினியில் மட்டும் நிலை மாறுபடின் ஆட்டமே குலைந்துவிடும்.

இரண்டாவது முடிச்சு இன்னும் கடியது. மூடுபனியில் மறைந்திருந்த பகைவன் இடையில் வெளிப்படின், அதற்குப் பின்வரும் குறிப்புக்கள் பொருளற்றுப் போம். போரில் ஒவ்வோர் அடியும் பட்டதா தவறியதா என்பது வாய்ப்பைப் பொறுத்தது; ஆதலின் ஒரு தாக்குதலுக்கு அப்பால் என்ன நிகழும் என உறுதியாகத் திட்டமிட எவராலும் இயலாது. ஆகவே கருவியானது எக்குறிப்பு இன்னும் செல்லும், எது செல்லாது என்பதை நிலைமாறுந்தோறும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

விண்ணப்பமும் இவ்வெண்பலகை போன்றதே. அதில் எழுதப்படுவன நிகழ்ந்த நகர்வுகளல்ல; மங்கிய உருவங்களே. மூன்றாவது வாரத்து வேலை முதல் வாரத்து வேலையைப் பற்றி நிற்பின், முதல் வாரத்தில் ஓர் இடர் வெளிப்பட்டபொழுது எவை எவை விழும், எவை நிற்கும் என்பதை எழுதுவோர் தாமே முன்னர்க் கண்டிருத்தல் வேண்டும். 'இவ்விடத்தில் விளைவு எமக்குத் தெரியாது. இப்படியாயின் இது செய்வோம், அப்படியாயின் அது செய்வோம்' என்று எழுதுதல் இழுக்கன்று. படிப்பவர் தேடுவது அவ்வாக்கியத்தையே.

எல்லை

பாயிரத்தில் எல்லை என்பது நூல் வழங்கும் நிலவெல்லை. யாம் அதனைப் பணியின் எல்லையாகக் கொள்கின்றோம். செய்வன இவை என்று எழுதுதல் எளிது. செய்யாதன இவை என்று எழுதுதல் அரிது. ஆயின் விண்ணப்பத்தின் வலிமை பின்னதிலேயே உளது.

பணியை ஒன்றன்மேலொன்றாய் நிற்கும் படிகளாகப் பகுத்து, எப்படியில் நின்றாலும் அதுவரை செய்தது ஆடுவோர்க்குப் பயன்படுமாறு அமைத்தல் வேண்டும். வெண்பலகை போன்ற கருவிக்கு முதற்படி, ஒரேயொரு படைஞனின் ஒரு நகர்வைக் குறித்தல், காட்டல், நீக்கல், நிறைவேற்றல் என்னும் நான்கு மட்டுமே. இரண்டாம் படி, பல நகர்வுகளை வரிசைப்படுத்தல். மூன்றாம் படி, தாக்குதலையும் படை சேர்த்தலையும் குறித்தல். நான்காம் படி, குறிப்புக்களைத் தோழர்க்குக் காட்டல். மூன்றாம் படியில் மாணவர் நோயுற்று நின்றாலும் இரண்டு படிகள் எஞ்சும், அவை வெளியிடத்தக்கன. இதற்கு மாறாக, முதல் ஆறு வாரம் அடித்தளம் அமைத்து இறுதி வாரத்தில் அனைத்தையும் இணைப்போம் என எழுதுவார் உளர். அவர்க்கு இறுதி வாரத்தில் இடர் வரின் எஞ்சுவது ஒன்றுமில்லை.

காலம்

இத்திட்டத்தில் இந்நாளிற் பணிகள் 90, 175, 350 மணிநேரம் என மூவளவிற் பகுக்கப்பட்டுள்ளன. 175 மணிநேரப் பணியைப் பன்னிரண்டு வாரத்திற் பகுப்பின் வாரம் ஒன்றிற்குப் பதினைந்து மணிநேரத்திற்குச் சற்றுக் குறையும். 350 மணிநேரமாயின் இருபத்தொன்பதிற்கு மேலாகும். கணக்கு இத்துணை எளிதாயினும் பிழை நேருமிடம் இதுவே.

கோடைக்காலம் என்னும் பெயர் வடநிலத்துக் கோடையைக் குறிப்பது. விண்ணப்பம் அனுப்பும் காலம் மார்ச்சு இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அமைகின்றது; பணி தொடங்குவது மே இறுதி அல்லது ஜூன் தொடக்கம். அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்க்கு அது விடுமுறை. தமிழ்நாட்டு மாணவர்க்கோ விண்ணப்பக்காலம் தேர்வுக்காலத்தை நெருங்கி நிற்கின்றது. ஏப்ரலும் மேயும் தேர்விலும் விடுமுறையிலும் கழிய, பணி தொடங்கும் ஜூனிற் கல்லூரியும் திறந்துவிடுகின்றது. ஆகவே நமக்கு இது கோடைப்பணியன்று. பாடவேளைக்குப் பின் மாலையிலும் இரவிலும் செய்யவேண்டிய பணி. இதனை மறைத்து எழுதுவார் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர்.

காலநிரல் எழுதும்போது கல்லூரி திறக்கும் நாள், இடைத்தேர்வு நாட்கள், ஊர்ப்பயணம் யாவும் வெளிப்படையாக எழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு வாரத்தின் எதிரிலும் 'இன்னதைப் படிப்போம்' என்பதைவிட, 'இன்னது இயங்கக் காண்பிப்போம்' என எழுதுக. இடைமதிப்பீட்டிற்கு முன் ஒரு வாரமும் இறுதிக்கு முன் ஒரு வாரமும் வெறுமையாய் விடுக. பிழை களைதற்கும், விளக்கக்குறிப்பு எழுதுதற்கும், பிறர் கூறிய திருத்தங்களைச் செய்தற்கும் அவை நிரம்பிவிடும்.

ஆக்கியோன்

தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது நம் மரபு. சிறப்புப்பாயிரத்தைப் பிறர் செய்வதும் அதுபற்றியே. ஆயினும் தன் ஆற்றலை அறியாதாரிடத்துத் தன்னை எடுத்துரைத்தல் குற்றமன்று எனவும் நன்னூலார் விலக்குக் கூறினர். விண்ணப்பதாரர் நிலை அதுவே. ஆதலிற் கூச்சம் வேண்டா. ஆனால், 'யாம் ஆர்வமும் உழைப்பும் உடையேம்' என்னும் சொற்கள் ஒன்றையும் நிறுவமாட்டா. முன்னர் அனுப்பிய திருத்தம் ஒன்றைச் சுட்டுதல் பத்து வாக்கியப் புகழ்ச்சியினும் சிறந்தது.

விலக்கவேண்டிய குற்றங்கள்

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் நான்கு இங்கே மிகுதியாய்க் காணப்படுகின்றன. பயனை விரிவாய் எழுதிச் செய்யும் முறையை இரண்டு வரியில் முடித்தல் குன்றக் கூறல். மூன்று திங்களில் முப்பது திங்கட் பணியை உறுதிகூறல் மிகைபடக் கூறல். விளையாட்டின் வரலாற்றையும் தம் சிறுவயது ஆட்டங்களையும் பக்கம் பக்கமாய் வரைதல் மற்றொன்று விரித்தல். முதல் மூன்று வாரத்தை நாள்தோறும் வகுத்துவிட்டுப் பின்வருவனவற்றைப் 'பிற வேலைகள்' என்று முடித்தல் சென்று தேய்ந்திறுதல். இந்நாளில் ஐந்தாவதாக வெற்றெனத் தொடுத்தலையும் கூட்டலாம். உரை இயற்றும் பொறிகளைக் கொண்டு எழுதப்படும் விண்ணப்பங்களில் நடை வழுவின்றி ஓடும். ஆனால் எவ்விளையாட்டின் பெயரை மாற்றியிட்டாலும் அவ்வுரை பொருந்தும். எதற்கும் பொருந்தும் உரை எதற்கும் உரியதன்று.

எம் பிழை

இனி முகப்பிற் கூறிய விடைக்கு வருவோம். நம் கல்லூரியிற் கணினியியல் பயிலும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு வேறொரு திறந்த மூல விளையாட்டிற்கு விண்ணப்பம் வரைந்தார். நிரல் அறிவில் அவர் வல்லவர். எழுத்து எமக்குப் பழகியதாதலின் அதனைச் செப்பஞ்செய்து தருமாறு எம்மை வேண்டினார். கிடைக்கும் உதவித்தொகை அவருடைய இறுதியாண்டுக் கட்டணத்திற்கும் தங்கையின் பள்ளிச் செலவிற்கும் ஆகும் என்பதை யாம் அறிவோம்.

அவர் முதலில் எழுதியது இரண்டு பணிகளே. வாரத்திற்குப் பதினைந்து மணிநேரமே. இவ்வளவு சிறிதாய் எழுதினால் எவர் மதிப்பர் என்று யாம் கூறினோம். ஆறு பணிகளாய் விரித்தோம். பதினைந்தை நாற்பதாக்கச் சொன்னவரும் யாமே. நடை மிக அழகாய் அமைந்தது. அதைப் பன்முறை படித்து மகிழ்ந்தோம்.

சில நாட்களின்பின் குழுவின் வழிகாட்டி ஒருவர் ஒரேயொரு வினா விடுத்தார்: 'உங்கள் கல்லூரி எந்நாள் திறக்கின்றது?'

நண்பர் உண்மையையே எழுதினார். அதன்பின் நாற்பது என்னும் எண் நிற்கவில்லை. எண் விழவே ஆறு பணிகளும் விழுந்தன. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அவர் எம்மை ஒருசொல்லும் கூறவில்லை. அவ்விடுமுறை தொடங்கிப் பள்ளிச் சிறுவர்க்கு மாலையிற் கணக்குக் கற்பித்துக் கட்டணத்தின் ஒரு பகுதியைத் தேடினார். மிகைபடக் கூறலைக் குற்றம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற யாம், நண்பர் வாழ்வில் அக்குற்றத்தைச் செய்வித்தோம். இலக்கணம் எமக்கு மனப்பாடமாய் இருந்ததேயன்றி அறிவாய் இருந்திலது.

அவ்வாண்டு ஆகஸ்டில் நண்பர் அதே விளையாட்டிற் சாளரம் ஒன்றில் எழுத்துக்கள் ஒன்றன்மேலொன்று ஏறித் தோன்றிய வழுவைக் கண்டு திருத்தி அனுப்பினார். மூன்று வரி மாற்றம். இருமுறை திருப்பி அனுப்பப்பட்டு மூன்றாம் முறை ஏற்கப்பட்டது. அதற்கு உதவித்தொகை ஏதுமில்லை. ஆயினும் அம்மூன்று வரிகள் இன்று அவ்விளையாட்டை ஆடுவார் ஒவ்வொருவர் கணினியிலும் உள்ளன.

முடிவுரை

இவ்வாண்டு அவர் மீண்டும் விண்ணப்பம் எழுதியிருக்கின்றார். பணி ஒன்றே, அளவு 175 மணிநேரம், படிகள் மூன்று, அவற்றுள் முதலிரண்டே உறுதி, மூன்றாவது இயன்றாற் செய்வது எனத் தெளிவாய் எழுதியுள்ளார். காலநிரலின் முதல் வரியிற் கல்லூரி திறக்கும் நாள் நிற்கின்றது. தம்மைப் பற்றிய பகுதியில் அம்மூன்று வரித் திருத்தத்தைச் சுட்டியுள்ளார். எமக்குக் கொடுத்த வேலை எழுத்துப்பிழை பார்த்தல் மட்டுமே. ஓரிடத்தில் நடையை உயர்த்தக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டோம். இம்மலர் அச்சேறும் இந்நாளில் முடிவு வெளியாகவில்லை.

வரும் ஆண்டுகளில் இவ்வழியிற் செல்லவிருக்கும் மாணவ நண்பர்கட்கு யாம் கூறுவது இதுவே. களத்தை முதலில் அறிக. கடினமான முடிச்சு இஃது என்று வெளிப்படையாய் எழுதுக. எங்கு நின்றாலும் பயன் எஞ்சுமாறு படிகளை அமைக்க. உமக்கு உண்மையில் உள்ள மணிநேரத்தை எழுதுக. விண்ணப்பத்தைச் செப்பஞ்செய்ய நண்பர் ஒருவரை நாடுவீராயின், அவர் சொல்லை அழகுபடுத்த வரும்போது அதனை ஏற்க. எண்ணைப் பெரிதாக்க வரும்போது தடுக்க.